கூழ்ப்பானைக் கிருமியும் ஐ.சி.யூ. கிருமியும்

மடிநோய் வந்த மாட்டுக்கு ஊசி போட்ட மறுநாள் கறந்த பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் சரியாக உறையாது. குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மடிக்குள் செலுத்திய பென்சிலின் வகை மருந்து பாலோடு வெளியே வருகிறது. உறைமோரில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா அந்த மருந்துக்குச் சுலபமாகச் சாகும் இனம். அது செத்தால் பாலைப் புளிக்க வைக்க ஆளில்லை. மருந்து கொடுத்த பிறகு சில நாட்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்தே படாத பாலிலும் சில சமயம் உறை பிடிக்காமல் போவது உண்டு. 1928-ல் அமெரிக்காவில் ரோஜர்ஸ் என்ற பால்வள ஆராய்ச்சியாளர், பாலில் வளரும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்னொரு தயிர் பாக்டீரியாவை வளரவிடாமல் தடுப்பதைக் கண்டு எழுதினார். 1933-ல் நியூசிலாந்தில் சீஸ் செய்கிறவர்களுக்கு உறை திரும்பத் திரும்பக் கெட்டது. ஆராய்ந்தபோது, பாலில் முன்பே வளர்ந்திருந்த பாக்டீரியா வெளியிட்ட புரதம் போன்ற ஒரு பொருள்தான் காரணம் என்று தெரிந்தது. 1947-ல் இங்கிலாந்தில் மேட்டிக், ஹிர்ஷ் இருவரும் அதற்கு நிசின் என்று பெயர் வைத்தார்கள். லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பால் பாக்டீரியா தயாரிப்பது அது.

1928 என்றதும் ஃபிளெமிங்கும் பென்சிலினும் ஞாபகம் வரும். இரண்டும் ஒரே ஆண்டில் தொடங்கிய கதைகள். பென்சிலின் ஆஸ்பத்திரிக்குப் போனது, நிசின் சீஸ் ஃபேக்டரிக்குப் போனது. இப்போது ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகக் கைவிடுவதைப் பார்த்து, நிசினையும் அதன் உறவுக்காரப் பெப்டைடுகளையும் (அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதத் துண்டுகள்) மருந்தாக்கலாமா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. வேலூரைச் சுற்றி உயிரி தொழில்நுட்பமும் நுண்ணுயிரியலும் படிக்கும் மாணவர்களில் பலருக்கு ப்ராஜெக்ட் என்றாலே இட்லி மாவு, மோர், கூழ் இவற்றிலிருந்து பாக்டீரியா பிரிப்பதுதான். நல்ல வேலைதான். ஆனால் நிசின் அன்றைக்கு ஏன் மருந்தாகவில்லை என்ற கேள்வியை விட்டுவிட்டு மேலே போக முடியாது. அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை இன்னும் அப்படியே இருக்கின்றன.

முதலில், இது எப்படிக் கொல்கிறது என்று பார்ப்போம். ரசிக்க வேண்டிய இடம் இதுதான்.

பாக்டீரியா தன் செல்லைச் சுற்றி ஓயாமல் சுவர் கட்டிக்கொண்டே இருக்கும். சுவருக்கான கல் செல்லுக்குள்ளே தயாராகிறது, சுவரோ வெளியே. நடுவில் கொழுப்பால் ஆன சவ்வு. கல்லைத் தலையில் சுமந்து சவ்வைக் கடந்து வெளியே கொண்டுபோய்க் கொடுக்கும் சித்தாள் மாதிரி ஒரு கொழுப்பு மூலக்கூறு இருக்கிறது. கல்லும் சித்தாளும் சேர்ந்த நிலைக்கு லிப்பிட்-2 என்று பெயர். வான்கோமைசின் என்ற பெரிய ஆன்டிபயாடிக் அந்தக் கல்லின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். நுனியில் இரண்டு அலனின் அமினோ அமிலங்கள் ஒட்டியிருக்கும். மருந்துக்குப் பிடி அதுதான். பிடித்துவிட்டால் கல் சுவரில் சேராது.

வான்கோமைசினுக்கு எதிர்ப்பு பெற்ற என்ட்ரோகாக்கஸ் என்ற குடல் பாக்டீரியா, அதாவது ஆஸ்பத்திரியில் வி.ஆர்.இ. என்று சொல்கிறார்களே, அது என்ன செய்கிறது? கடைசி அலனினை எடுத்துவிட்டு அங்கே லாக்டேட்டை வைக்கிறது. அவ்வளவுதான். வான்கோமைசினின் பிடி ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தளர்ந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. இட்லி மாவைப் பொங்க வைக்கிற லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவின் கல்லிலும் நுனியில் லாக்டேட்தான். பிறவியிலேயே அப்படி. வான்கோமைசின் அதை ஒன்றும் செய்யாது. ஆஸ்பத்திரியில் பயப்படும் அதே தந்திரம் நம் வீட்டு மாவுப் பாத்திரத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் காலங்காலமாக இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை, லியூகோனோஸ்டாக்கில் அது மற்றக் கிருமிக்குத் தாவும் வகையில் அமைந்ததல்ல.

நிசினுக்கு வருவோம். 34 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் பெப்டைடு. அதில் கந்தக அணுக்களால் கட்டிய ஐந்து வளையங்கள். முதல் இரண்டு வளையங்களும் சேர்ந்து லிப்பிட்-2-ல் கல்லுக்கும் சித்தாளுக்கும் நடுவில் உள்ள பைரோபாஸ்பேட் என்ற இணைப்பைக் கவ்விக்கொள்கின்றன. கல்லின் நுனி என்னவாக மாறினாலும் நிசினுக்குக் கவலையில்லை, அது பிடிக்கும் இடம் வேறு. வி.ஆர்.இ.யும், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸான எம்.ஆர்.எஸ்.ஏ.வும் நிசினுக்குச் சாவது இதனால்தான். பைரோபாஸ்பேட்டை மாற்றிக்கொள்வது கிருமிக்கு எளிதல்ல. சுவர் கட்டும் வேலையின் அடிப்படையே அது. 2015-ல் மண்ணிலிருந்து கண்டுபிடித்ததாகப் பெரிதாகப் பேசப்பட்ட டெய்க்சோபாக்டின் மருந்தும் இதே இடத்தைத்தான் குறிவைக்கிறது.

கவ்வுவதோடு நிசின் நிற்பதில்லை. அதன் வால் பகுதி சவ்வுக்குள் இறங்குகிறது. எட்டு நிசினும் நான்கு லிப்பிட்-2-ம் கூடி ஒரு துளை போடுகின்றன. செல்லுக்குள் இருப்பதெல்லாம் ஒழுகிப்போய் நிமிடக் கணக்கில் கிருமி சாகிறது. சுவர் வேலையும் நின்றது, சவ்வும் ஓட்டை. மிகக் குறைந்த செறிவிலேயே இது நடக்கும்.

நிசினைத் தயாரிக்கும் பாக்டீரியா மட்டும் சாகாமல் இருப்பதற்குத் தனியாகக் காவல் புரதங்கள் உண்டு. மருந்தோடு மாற்று மருந்தையும் சேர்த்தே அது தயாரிக்கிறது. இப்படிப் பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று கொல்லத் தயாரிக்கும் பெப்டைடுகளுக்குப் பொதுவாகப் பாக்டீரியோசின் என்று பெயர். நிசின் போல வளையம் கட்டியவை ஒரு குடும்பம். வளையம் இல்லாத பீடியோசின் போன்றவை இன்னொரு குடும்பம். 44 அமினோ அமிலம் கொண்ட பீடியோசின், சர்க்கரையைச் செல்லுக்குள் இழுக்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, உணவு வழியாகத் தொற்றும் லிஸ்டீரியா என்ற கிருமியைக் கொல்லும். வகைப்பாட்டில் இன்னும் கிளைகள் இருக்கின்றன, நமக்கு இந்த இரண்டும் போதும்.

சரி, கூழுக்கு வருவோம். ஆடி மாதம் வடஆற்காட்டுப் பக்கம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, மறுபடி ஓர் இரவு வைத்து, காலையில் கையால் கரைத்து மோர் ஊற்றுவது வழக்கம். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். ஆக, கூழ் இரண்டு முறை புளிக்கிறது. முதல் புளிப்பில் வளர்ந்த பாக்டீரியா அடுப்பில் வெந்துபோகும். நாம் குடிக்கும்போது உயிரோடிருப்பது பெரும்பாலும் இரண்டாவது இரவில் வளர்ந்தது. கூழில் லாக்டோபேசில்லஸ், வைசெல்லா இனங்களை ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பாக்டீரியோசின்களில் பல, புளிப்பான சூழலில் கொதித்தாலும் கெடாதவை. எனவே முதல் நாள் பாக்டீரியா செத்தாலும் அது ஏதாவது பெப்டைடு தயாரித்திருந்தால், அந்தப் பெப்டைடு தப்பிக்க வாய்ப்பு உண்டு.

இதைப் படித்துவிட்டு "கூழ் குடித்தால் எதிர்ப்பு பெற்ற கிருமியும் சாகும்" என்று யாராவது மெசேஜ் தட்டிவிடுவார்கள். அதற்கு முன் ஆய்வகத்தில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம்.

பெட்ரி தட்டில் கெட்டியான அகார். அதன் மேல் ஸ்டெஃபிலோகாக்கஸைப் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவுகிறார்கள். அகாரில் ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழிகள். கூழிலிருந்து பிரித்த பாக்டீரியாவைத் தனியாக ஒரு திரவத்தில் வளர்த்து, செல்களை நீக்கி வடிகட்டி, தெளிந்த நீரை மட்டும் குழியில் விடுகிறார்கள். 37 டிகிரியில் ஓர் இரவு. காலையில் திறந்தால் தட்டு முழுக்க வெளுத்த படலம், குழியைச் சுற்றி மட்டும் கிருமி வளராத தெளிவான வட்டம். ஸ்கேலை வைத்து அளந்து, போட்டோ எடுத்து, அறிக்கையில் ஒட்டியாகிவிட்டது. ப்ராஜெக்ட் பல சமயம் இங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்த வட்டத்தை உண்டாக்கியது யார்? லாக்டிக் அமில பாக்டீரியா பெயருக்கேற்றபடி அமிலத்தைத் தயாரிக்கும். வளர்ந்த திரவத்தின் பி.எச். நாலுக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். எலுமிச்சைச் சாறு விட்டாலும் அந்தத் தட்டில் ஒரு வட்டம் வரும். சில இனங்கள் ஹைட்ரஜன் பெராக்சைடும் வெளியிடும். ஆகவே முதலில் காரம் சேர்த்து பி.எச்.சை ஆறரை, ஏழுக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் கேட்டலேஸ் நொதி சேர்த்து பெராக்சைடைப் போக்க வேண்டும். அதற்குப் பிறகும் வட்டம் வந்தால், அந்தத் திரவத்தில் புரதத்தை அறுக்கும் டிரிப்சின் போன்ற ஒரு நொதியைக் கலந்து பார்க்க வேண்டும். நொதி கலந்ததும் வட்டம் காணாமல் போனால்தான் கொன்றது பெப்டைடு என்று சொல்ல முடியும். இந்த மூன்று படியையும் தாண்டாத வட்டத்தை நான் அமிலம் என்றே எடுத்துக்கொள்வேன். புளிப்பு கிருமியைத் தடுக்கும் என்பது ஊறுகாய் போடும் பாட்டிக்கே தெரியும், அதற்கு ஆய்வகம் எதற்கு?

மூன்று படியையும் தாண்டிய பெப்டைடு ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தட்டில் வைத்த கிருமி எது என்பது அடுத்த கேள்வி. ஸ்டெஃபிலோகாக்கஸ், என்ட்ரோகாக்கஸ், லிஸ்டீரியா எல்லாம் கிராம் பாசிட்டிவ் இனம். சவ்வுக்கு வெளியே சுவர் மட்டும்தான். நிசினால் அந்தச் சுவரின் இடுக்கில் நுழைந்து லிப்பிட்-2-ஐத் தொட முடியும். கிராம் நெகட்டிவ் இனத்துக்குச் சுவருக்கும் வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. 34 அமினோ அமிலம் கொண்ட உருப்படி அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். குறி உள்ளே இருக்கிறது, அம்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

நம் ஐ.சி.யூ.க்களை வாட்டுவது எந்த இனம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2013-ல் தொடங்கிய எதிர்ப்புக் கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஒரு முதன்மை மையம். அந்த வலையமைப்பின் ஆண்டறிக்கைகளில் முன்வரிசையில் நிற்பவை ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர். நான்கும் கிராம் நெகட்டிவ். டைஃபாய்டுக் கிருமியும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் வெளியிட்டு 2024-ல் திருத்திய பட்டியலிலும் மிக அவசரம் என்ற முதல் அடுக்கில் கார்பாபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் வகைக்கு அடங்காத அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லா வகையறாவும் இருக்கின்றன; எம்.ஆர்.எஸ்.ஏ., வி.ஆர்.இ. இரண்டும் அடுத்த அடுக்கில். 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வந்த கணக்கு. அந்தச் சாவுகளுக்கு இந்தியாவில் பெரும் காரணமாக இருக்கிற கிருமிகளை நிசின் தனியாகப் போய்த் தொடாது. இதை எழுதாத செய்தி எல்லாம் பாதிச் செய்தி.

தனியாக என்று சொன்னேன். துணை இருந்தால் நிலைமை மாறுகிறது. வெளிச்சவ்வைத் தளர்த்தும் ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் நிசின் உள்ளே போய்விடும். உணவுத் துறையில் இதற்கு இ.டி.டி.ஏ. சேர்ப்பார்கள், சவ்வைப் பிணைக்கும் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் அது பிடுங்கிவிடும். மருத்துவத்தில் அந்த வேலைக்குப் பொருத்தமாகத் தெரிவது கொலிஸ்டின். அதுவும் ஒரு பாக்டீரியா தயாரித்த பெப்டைடுதான், வெளிச்சவ்வையே தாக்கும். கடைசிக் கையிருப்பு மருந்து, ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். நிசினோடு சேர்த்தால் குறைந்த அளவு கொலிஸ்டினே கிருமியைக் கொல்லப் போதுமானதாக இருப்பதைச் சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறார்கள். அளவு குறைந்தால் சிறுநீரகத்துக்கும் நல்லது. மனிதரிடம் இது நிற்குமா என்பதற்கு இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது. ஆனாலும் இந்தத் துறையில் எனக்கு அதிக நம்பிக்கை தரும் பாதை இதுவே.

ரத்தத்துக்குள் செலுத்துவது என்றால் அடுத்த தடை உடம்பே. நிசினுக்குப் புளிப்பு பிடிக்கும். அமிலத்தில் நன்றாகக் கரையும், கொதித்தாலும் தாங்கும். ரத்தத்தின் பி.எச். 7.4. அங்கே கரைதிறன் குறைந்து, நிலைப்பும் போய்விடுகிறது. வாய்வழியாகக் கொடுத்தால் சிறுகுடலில் நாம் புரதத்தைச் செரிக்கச் சுரக்கும் அதே டிரிப்சின் வகை நொதிகள் அதைத் துண்டு போட்டுவிடும். மருந்துக்கு இது குறை, உணவுக்கு இதுவே தகுதி: சாப்பிட்டால் செரித்துப்போகும் பொருள் என்பதால்தான் 1969-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டாக நிசினை ஏற்றுக்கொண்டன, 1988-ல் அமெரிக்காவும் சம்மதித்தது. டப்பாவில் வரும் சீஸின் லேபிளில் 234 என்ற எண் இருந்தால் அது நிசின்.

ஆகவே ரத்தத்தை விட்டுவிட்டு வெளியில் பார்க்க வேண்டியிருக்கிறது: தோல், புண், மடி. மடிநோய்க்கு நிசின் கொடுத்துப் பார்ப்பது புதுசு இல்லை, 1949-லேயே இங்கிலாந்தில் அதே ஹிர்ஷும் மேட்டிக்கும் சேர்ந்து முயன்றார்கள். மடிநோயை உண்டாக்குவதில் பெரும் பங்கு ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இரண்டுக்கும். இரண்டும் கிராம் பாசிட்டிவ். கறப்பதற்கு முன் காம்பைத் துடைக்கும் நிசின் துடைப்பான்கள் அமெரிக்காவில் விற்பனைக்கே வந்தன. மடிக்குள் செலுத்தும் மருந்தாக ஆக்குவதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. நிசின் தங்கிய பாலில் மனிதர் குடிக்கப் பயமில்லை. ஆனால் உறைமோர் பாக்டீரியாவும் கிராம் பாசிட்டிவ்தானே? நிசின் கொஞ்சம் அதிகமாகத் தங்கினால் பென்சிலின் செய்த வேலையை அதுவும் செய்யும்.

இன்னொரு இடம் பெருங்குடல். அங்கே பெப்டைடை மேலிருந்து அனுப்புவதைவிட, அதைத் தயாரிக்கும் பாக்டீரியாவையே குடியேற்றிவிடலாம் என்பது யோசனை. 2007-ல் அயர்லாந்தின் கார்க் நகரக் குழு செய்த சோதனை இதில் முக்கியம். லாக்டோபேசில்லஸ் சாலிவேரியஸ் என்ற இனத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது லிஸ்டீரியா தொற்று அடங்கியது. பாக்டீரியோசின் மரபணுவை மட்டும் நீக்கிவிட்டு அதே இனத்தைக் கொடுத்தபோது பாதுகாப்பு போய்விட்டது. காத்தது அமிலமோ வேறெதுவோ என்று வாதாட இடம் வைக்காத சோதனை. 2019-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், குடலில் வாழும் பிளாட்டியா இனம் நிசினைப் போன்ற ஒரு பெப்டைடைச் சுரந்து எலிகளின் குடலிலிருந்து வி.ஆர்.இ.யை விரட்டியது. பிளாட்டியா லாக்டிக் அமிலக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, ஆயுதம் மட்டும் அதே ஜாதி.

வேலூர் மாதிரி ஊரில் இதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. காந்தி ரோட்டு லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து தங்கும் நோயாளிகளில் பலர் சொந்த ஊரில் நாலைந்து ஆன்டிபயாடிக் பார்த்துவிட்டு வருகிறவர்கள். ஆன்டிபயாடிக் போட்ட குடலில் நல்ல பாக்டீரியா குறைந்து, எதிர்ப்பு பெற்றது இடம் பிடித்திருக்கும். அங்கேயிருந்து அது ரத்தத்துக்குப் போவதற்கு முன் குடலிலேயே விரட்ட முடிந்தால் நல்லது.

இதற்காகக் கடையில் புரோபயாடிக் டப்பா வாங்கிவிட வேண்டாம். அதிலுள்ள பாக்டீரியா எந்தப் பாக்டீரியோசினைத் தயாரிக்கிறது என்று லேபிளில் போடுவதில்லை; பலது எதையும் தயாரிப்பதில்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புளித்த உணவில் வரும் என்ட்ரோகாக்கஸ் இனங்கள் நல்ல பாக்டீரியோசின்களைத் தயாரிக்கும். ஆனால் அதே இனத்தில்தான் வி.ஆர்.இ.யும் இருக்கிறது. எதிர்ப்பு மரபணுக்களை வாங்குவதிலும் கொடுப்பதிலும் என்ட்ரோகாக்கஸ் கைதேர்ந்தது. இட்லி மாவிலிருந்து பிரித்தது என்பதற்காக ஒரு கிருமியை நல்ல கிருமி என்று முத்திரை குத்த முடியாது. முழு மரபணு வரிசையைப் படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நிசினுக்கே எதிர்ப்பு வராதா? வரும். அதன் வாலை அறுத்துவிடும் நொதி சில பாக்டீரியாவில் ஏற்கெனவே இருக்கிறது. செல் சுவரின் மின்னேற்றத்தை மாற்றி, நேர்மின்னேற்றம் கொண்ட நிசினைக் கிட்ட நெருங்கவிடாமல் செய்யும் வித்தையும் உண்டு. இதற்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்கள் நிசினையே ஒவ்வொரு அமினோ அமிலமாக மாற்றிப் பார்க்கிறார்கள். 21-வது இடத்தில் மெத்தியோனினுக்குப் பதில் வேலைனை வைத்ததும் சில கிருமிகளை அது இன்னும் நன்றாகக் கொல்கிறது. பெப்டைடை நேரடியாக மரபணு குறிப்பதால், ஒரு எழுத்தை மாற்றினால் மருந்து மாறிவிடும். பென்சிலினில் இவ்வளவு சுலபமாக இதைச் செய்ய முடியாது.

நம் பகுதிக்கு இதில் முதல் பயன் ஆஸ்பத்திரிக்கு வெளியே வரலாம் என்பது என் கணிப்பு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் மண்டிகளுக்கு வரும் பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க, தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பில் பெரும்பகுதி கழிவுநீரில் வருகிறது. உப்பாகிப்போன பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பைக் குறைக்கப் பாக்டீரியோசினைத் தோலில் பூசிச் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. தோலுக்கு ரத்தமும் இல்லை, டிரிப்சின் சுரக்கும் குடலும் இல்லை, பி.எச்.சை நாமே வைத்துக்கொள்ளலாம். மருந்தாவதற்கு நின்ற தடைகள் இங்கே இல்லை. விலை ஒரு தடை. இன்னொன்றும் இருக்கிறது: டன் கணக்கில் தோலில் பூசிக் கழிவுநீரில் விடும் பெப்டைடும், நாளைக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. புண்ணுக்கு வைத்திருக்கும் பெப்டைடும் ஒன்றாக இருக்கக் கூடாது. கொலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்து வந்ததை இந்தியா 2019-ல் தடை செய்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, கால்நடைகளிலிருந்து பரவக்கூடிய கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவைச் சீனாவில் கண்டுபிடித்துவிட்டார்கள். தோலுக்கு ஒன்று, புண்ணுக்கு வேறொன்று என்று இப்போதே பிரித்து வைக்கும் அளவுக்குப் பாக்டீரியோசின்களில் வகைகளுக்குப் பஞ்சமில்லை.